பதின்மூன்று கோடியில் ஒன்று

ஞானாம்பிகை பினாங்கில் பிறந்து பினாங்கிலேயே படித்தவள். அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. பெண் கணக்கில் கெட்டிக்காரி என்பதால் அவளை ஆசிரியை ஆக்கினார்கள். மூன்று வருடம் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். பாயான் லெப்பாஸில் மருத்துவக் கருவிகள் செய்யும் ஒரு தொழிற்சாலைக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, அதற்கு நிரல் எழுத ஆள் வேண்டும் என்ற விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்தாள். வேலை கிடைத்தது. கணவன் குலசேகரம் வேறொரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். பிள்ளைகள் இல்லை. டத்தோ கிராமாட்டில் வாடகை வீடு. 1985இல் நாடு முழுக்கத் தொழில் படுத்தபோது குலசேகரத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு வீட்டில் வேலைக்குப் போகும் ஆள் அவள் மட்டும்தான்.

அதற்கு முந்தைய வருடம் தொழிற்சாலை ஒரு புதுப் பெட்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்திருந்தது. நோயாளிக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து இறங்கும் குழாயில் அதை மாட்டுவார்கள். பெட்டிக்குள் ஒரு ஒளிக்கற்றை குழாயை ஊடுருவிப் பார்த்துக்கொண்டே இருக்கும், வினாடிக்குப் பத்து முறை. காற்றுக் குமிழி வந்தால் அளவு எகிறும். உடனே பெட்டி குழாயை நெரித்து மூடிவிட்டுச் சிவப்பு விளக்கை எரியவிடும். விலை குறைந்த மாடல் என்பதால் மணி அடிக்காது.

குமிழி இல்லாதபோதும் அந்த அளவு எப்போதும் கொஞ்சம் நடுங்கிக்கொண்டே இருக்கும். எந்த மின்கருவியிலும் அப்படித்தான். அந்த நடுக்கம் தற்செயலாக எல்லையைத் தாண்டிவிட்டால் பெட்டி காரணமே இல்லாமல் மருந்தை நிறுத்திவிடும். அதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிட்டுச் சொல்வதுதான் ஞானாம்பிகைக்குக் கொடுத்த வேலை.

ஃபோர்ட்ரான் என்ற நிரல் மொழியோடு வந்த நிரல் நூலகத்தில் சைன், கொசைன் போன்றவற்றோடு இன்னும் சில விசேஷச் சார்புகள் ஆயத்தமாக இருந்தன. பெயரைச் சொல்லி எண்ணைக் கொடுத்தால் விடை வரும். அவற்றில் ஒன்று இஆர்எஃப். எல்லை எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை ஓர் எண்ணாகக் கொடுத்தால், நடுக்கம் அதற்குள் அடங்கியிருக்கும் வாய்ப்பை அது தரும். ஒன்றிலிருந்து அதைக் கழித்து, நடுக்கம் மேலும் கீழும் போகும் என்பதால் பாதியாக்கினால், எல்லையைத் தாண்டும் வாய்ப்பு வந்துவிடும். பள்ளிப் பிள்ளைக்கும் புரியக்கூடிய கழித்தல். ஞானாம்பிகை கழித்தாள். அச்சுத்தாளில் பூஜ்யம் வந்தது.

அவள் ஒரு நிமிடம் யோசித்தாள். சுத்தப் பூஜ்யமாக இருக்க முடியாது, அச்சில் வராத அளவுக்குச் சின்ன எண்ணாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். தாளின் அடியில் கையெழுத்துப் போட்டாள். தர மேலாளர் சந்திரசேகரன் அதைப் பார்த்து, "சீரோவா? பெஸ்ட் லா, மிஸஸ் குலா!" என்றார். இரண்டு வருடத்தில் முந்நூறு பெட்டிகள் விற்றன.

1986 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண் முகவரி விசாரித்துக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தாள். தலையில் துணி போட்டிருந்தாள். கையில் ஒரு பழுப்பு உறை.

"அக்கா, நீங்கதானே மிஸஸ் குலசேகரம்? இந்தப் பேப்பர்ல சைன் வச்சது நீங்கதானே?"

அவள் பெயர் ஆயிஷா. ஊரில் ஒரு மருத்துவமனையில் தாதி. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கொடுத்த கோப்பியைத் தொடாமலே சொல்லிக்கொண்டு போனாள்.

"வார்டுல இருபத்தாறு பேரு அக்கா, அன்னிக்கு மத்தியானம் நாங்க ரெண்டே தாதி. பதினோராம் நம்பர் கட்டில்ல ஒரு பெரியவரு. முன்ன துறைமுகத்துல வேல செஞ்சவரு. பேரு முனுசாமி. அவருக்குப் பிரஷர் எறங்காம இருக்கத்தான் அந்த மருந்து போய்க்கிட்டு இருந்திச்சு. ஒரு மணிக்குப் பாத்தேன், நல்லா இருந்தாரு. மூணு மணிக்குப் போறேன், செவப்பு லைட் எரியுது, குழாய் மூடியிருக்கு, குமிழி ஒண்ணும் இல்ல, அவரு கை ஜில்லுன்னு இருக்கு. நான் உடனே ரீசெட்ட அமுக்கி மருந்தத் தொறந்து விட்டுட்டு டாக்டரக் கூப்பிட ஓடினேன். அவரு சம்சாரம்கூடப் பக்கத்துல அசந்து தூங்கிட்டாங்க, லைட்ட வேற யாருமே பாக்கல. அதான் இப்ப எனக்கு வெனையாப் போச்சு."

முனுசாமி அன்று மாலையே இறந்துவிட்டார். விசாரணை வைத்தார்கள். படுக்கை விரிப்பு மாற்றும்போது ஆயிஷாவே குழாயைக் கையால் மூடிவிட்டு மறந்துவிட்டாள் என்றார்கள். பெட்டி தானாகவே மூடியது என்று அவள் சொன்னதால், அப்படி நடக்குமா என்று தொழிற்சாலைக்குக் கடிதம் எழுதிக் கேட்டார்கள். பதிலாக வந்தது ஞானாம்பிகை கையெழுத்திட்ட தாள். ஆயிஷாவை வேலையிலிருந்து நிறுத்திவைத்துவிட்டார்கள். கடைசி விசாரணை வரும் வியாழக்கிழமை.

"பெட்டி தானா மூடாதும்மா," என்றாள் ஞானாம்பிகை. "நாங்க கணக்குப் போட்டுத்தான் சொல்லியிருக்கோம்."

ஆயிஷா தாளைத் திருப்பி அவள் பக்கம் வைத்து அந்த எண்ணின் மேல் விரலை வைத்தாள். "சீரோன்னா என்னக்கா அர்த்தம்? ஒரு தடவகூட இல்லியா? எந்த ஊர்லயும், எந்த மெசின்லயும், ஒரு தடவகூடவா?"

ஞானாம்பிகை தாளை வாங்கி அந்த எண்ணைத் தானும் ஒருமுறை பார்த்தாள்.

மறுநாள் காலை வேலைக்குப் போனதும் பழைய நிரலை எடுத்து ஓட்டிப் பார்த்தாள். இந்த முறை ஒரே ஒரு எல்லைக்கு அல்ல, ஒன்றிலிருந்து படிப்படியாக. ஒன்றுக்கு 0.079 வந்தது. இரண்டுக்கு 0.0023. மூன்றுக்கு ஒரு லட்சத்தில் ஒன்று. மூன்றரைக்கு அதையும்விடச் சின்னது. ஆனாலும் ஏதோ ஒன்று வந்தது. நான்குக்குப் பூஜ்யம். ஐந்துக்குப் பூஜ்யம். எந்த எண்ணும் இப்படி மாடியிலிருந்து விழுந்த மாதிரி விழாது.

விஷயம் அப்போதுதான் பிடிபட்டது. அந்தக் கம்ப்யூட்டர் எந்த எண்ணிலும் ஏழு இலக்கம்தான் வைத்துக்கொள்ளும். நான்குக்கு இஆர்எஃப் தரவேண்டிய விடை 0.99999998. அதை வைத்துக்கொள்ள இடம் போதாமல் ஒன்று என்றே வைத்துக்கொண்டது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் வேறென்ன வரும்? பெட்டியின் எல்லை சரியாக நான்கில்தான் இருந்தது.

அலமாரியிலிருந்து நூலகத்தின் கையேட்டை எடுத்துப் பிரித்தாள். இஆர்எஃப் இருந்த பக்கத்தின் ஓரம் அவள் விரல் பட்டு அழுக்கேறியிருந்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அங்கே இஆர்எஃப்சி என்று இன்னொரு சார்பு இருந்தது. கழிக்காமல் நேராகவே மறுபாதியைக் கணக்கிட்டுத் தருவது. பெரிய மதிப்புகளுக்கு ஒன்றிலிருந்து கழிக்காதீர்கள், இதைப் பயன்படுத்துங்கள் என்று இரண்டு வரியில் எழுதியிருந்தது. இரண்டு வருடமாக அந்தப் பக்கம் அங்கேதான் இருந்திருக்கிறது.

நிரலில் ஒரு வரியை மாற்றி மறுபடி ஓட்டினாள். இப்போது எண் வந்தது. பதின்மூன்று கோடியில் ஒன்று.

சின்ன எண்தான். ஆனால் பெட்டி வினாடிக்குப் பத்து முறை பார்க்கிறது. ஒரு நாளைக்கு எட்டு லட்சத்து அறுபத்து நாலாயிரம் முறை. அப்படியானால் நூற்றைம்பது நாளைக்கு ஒருமுறை ஒவ்வொரு பெட்டியும் காரணமில்லாமல் மருந்தை நிறுத்தும். முந்நூறு பெட்டிகள். தினம் இரண்டு. இதுவரை தாதிகள் ஏதோ குமிழி என்று நினைத்து ரீசெட்டை அமுக்கிவிட்டுப் போயிருப்பார்கள்.

அவள் எழுந்து கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு நேராகச் சந்திரசேகரன் அறைக்குப் போனாள்.

சந்திரசேகரன் கெட்ட மனிதர் அல்ல. அவள் சொன்னதை இரண்டு முறை கேட்டார். தாளை வாங்கிப் பெருக்கலைத் தானே போட்டுப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

"கம்ப்யூட்டர் தப்பா சொல்லிடுச்சா?"

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணல, மிஸ்டர் சந்திரசேகரன். நான் கேட்ட விதம் தப்பு."

"சரி. நான் ஹெட் ஆபீஸுக்கு எழுதறேன். அவங்க செக் பண்ணட்டும்."

"எத்தன நாளாகும்?"

"ரெண்டு மாசம் ஆகும் லா."

"வியாழக்கிழம அந்தப் பொண்ணுக்கு விசாரண. அது போகட்டும், ரெண்டு மாசத்துல நூத்தி இருபது தடவ..."

"மிஸஸ் குலா," அவர் குரல் தாழ்ந்தது. "கீழ போய்ப் பாருங்க. ஐநூறு பொண்ணுங்க. போன வருசம் பக்கத்து பேக்டரிய இழுத்துப் பூட்டினாங்களே, ஞாபகம் இருக்கா? நாமளே வாயத் தொறந்து நம்ம மெசின் ஆளக் கொன்னுச்சுன்னு சொன்னா, இதையும் பூட்டிருவாங்க. கொஞ்சம் பொறுங்க. நான் பேசறேன்."

அவள் தன் மேசைக்குத் திரும்பிவந்து, விற்பனைப் பிரிவிலிருந்து மருத்துவமனைகளின் பட்டியலைக் கேட்டு வாங்கினாள். முதல் எண்ணைச் சுழற்றினாள். பட்டர்வொர்த் பக்கத்து மருத்துவமனை ஒன்றின் வார்டில் தலைமைத் தாதி எடுத்தாள்.

"அந்தப் பெட்டியில சிவப்பு விளக்கு எரியுதான்னு அரை மணிக்கு ஒரு தடவ பாக்கச் சொல்லுங்க, ப்ளீஸ்."

"யார் பேசறது? கம்பெனி லெட்டர் அனுப்புதா?"

"லெட்டர் இல்ல. நான்... நான் அந்தக் கணக்கப் போட்டவ."

"லெட்டர் இல்லாம நாங்க ஒண்ணும் செய்ய முடியாதும்மா." வைத்துவிட்டாள்.

நான்காவது மருத்துவமனையைக் கூப்பிடும்போது, இனி வெளித் தொடர்பு கொடுக்கக்கூடாது என்று உத்தரவு வந்திருப்பதாக ஆபரேட்டர் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

வீட்டில் குலசேகரம் அவள் சொன்னதைக் கடைசிவரை கேட்டான். பிறகு, "நீ வியாழக்கிழம அங்க போனா, வெள்ளிக்கிழம நாம ரெண்டு பேரும் இங்கதான் ஒக்காந்திருப்போம்," என்றான்.

"தெரியும்."

"போகாதன்னு சொல்ல எனக்கு வாய் வரல, ஞானம். போன்னு சொல்லவும் வரல." அவன் எழுந்து போய்த் துணிகளைக் கொடியிலிருந்து எடுக்க ஆரம்பித்தான். வேலை போனதிலிருந்து வீட்டு வேலைகளை அவன்தான் செய்துவந்தான்.

வியாழக்கிழமை அவள் போனாள். நீள மேசைக்குப் பின்னால் ஒரு டாக்டர், மருத்துவமனை நிர்வாகி, இன்னும் ஒருவர். ஆயிஷா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். ஞானாம்பிகை இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளக்கினாள். ஏழு இலக்கம், கழித்தல், கையேட்டின் அடுத்த பக்கம். அவர்கள் பொறுமையாகத்தான் கேட்டார்கள். நிர்வாகி இரண்டு தாள்களின் அடியையும் பார்த்தார்.

"ரெண்டுலயும் உங்க கையெழுத்துத்தான். எத நாங்க நம்பறது?"

ஞானாம்பிகை ஒரு தாளை முன்னால் தள்ளினாள். "ரெண்டாவது," என்றாள். அது போதாது என்று அவளுக்கே தெரிந்தது.

டாக்டர்தான் ஒரு வழி சொன்னார். மருத்துவமனைப் பண்டகசாலையில் பன்னிரண்டு பெட்டிகள் இருந்தன. அவற்றில் சுத்தமான உப்புநீரை ஓடவிட்டு இரண்டு வாரம் பார்க்கலாம். ஒரு பெட்டி தானாக மூடினாலும் போதும், ஆயிஷா சொன்னதை ஏற்றுக்கொள்ளலாம். மூடவில்லை என்றால் பழைய முடிவுதான்.

ஆயிஷா வெளியே வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பன்னெண்டு மெசின் அக்கா! ரெண்டு வாரம்! கண்டிப்பா மூடும், இல்ல?"

ஞானாம்பிகை அதற்குள் மனதுக்குள் கணக்குப் போட்டு முடித்திருந்தாள். பன்னிரண்டு பெட்டி, பதினான்கு நாள். சராசரியாக ஒரு தடவைக்குச் சற்று மேல். ஆனால் ஒன்றுமே நடக்காமல் போகவும் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தது. "மூடும்மா," என்றாள். அவள் வாழ்க்கையில் தெரிந்தே சொன்ன தவறான கணக்கு அது ஒன்றுதான்.

பண்டகசாலையைப் பார்த்துக்கொண்டவர் பிச்சைமுத்து. ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. அவர் பன்னிரண்டு பெட்டிகளையும் வரிசையாகக் கம்பியில் தொங்கவிட்டு, காலையும் மாலையும் பாட்டில் மாற்றினார். ஆயிஷாவை உள்ளே விடவில்லை. அவள் கேன்டீன் வாசலில் காத்திருப்பாள். ஞானாம்பிகை வேலை முடிந்ததும் மஞ்சள் பஸ் பிடித்து வந்து, மூடும் நேரம்வரை பண்டகசாலையில் நின்று பன்னிரண்டு விளக்குகளையும் பார்ப்பாள். ஒன்றும் எரியாது. வெளியே வந்து தலையை ஆட்டுவாள். ஆயிஷா பையை எடுத்துக்கொண்டு நடப்பாள்.

ஒரு மெசின் கெட்டுப்போகவேண்டும் என்று ஞானாம்பிகை கடவுளிடம் வேண்டிக்கொண்டாள். வேண்டிக்கொள்ளும்போதே இன்னொரு கணக்கும் ஓடும். வெளியே நோயாளிகளின் கட்டிலோரம் இருநூற்றெண்பத்தெட்டு பெட்டிகள். இந்தப் பதினான்கு நாளில் அவற்றில் இருபத்தேழு தடவை. அங்கே நடக்கிறது, இங்கே நடக்க மாட்டேன் என்கிறது. ஒன்பதாம் நாள் அவள் பண்டகசாலைத் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். பிச்சைமுத்து ஒரு முக்காலியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

பதினான்காம் நாள் மாலை ஐந்து மணிக்கும் பன்னிரண்டு விளக்குகளும் எரியாமல்தான் இருந்தன.

மறுநாள் ஆயிஷாவுக்கு வேலைநீக்கக் கடிதம் வந்தது. அதற்கு அடுத்த நாள் ஞானாம்பிகைக்கும் வந்தது. நிறுவனத்தின் ஆவணங்களை அனுமதி இல்லாமல் வெளியாருக்குக் காட்டியது குற்றம் என்று எழுதியிருந்தது. கடிதத்தைக் கொடுத்தபோது சந்திரசேகரன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆயிஷாவைப் பார்க்கப் போனாள். வீட்டில் அவளுடைய அம்மா மட்டும் கதவைத் திறந்து, "அவ யாரையும் பாக்க மாட்டேங்குறா," என்றாள்.

அடுத்த மூன்று நாளும் ஞானாம்பிகை சாப்பிடவில்லை. தன் கணக்கே தவறோ என்ற சந்தேகம் வந்துவிட்டது. குலசேகரத்தின் பழைய கால்குலேட்டரை வைத்துக்கொண்டு இஆர்எஃப்சியைத் தொடராக விரித்துக் கையால் போட்டாள். பக்கம் பக்கமாக எழுதினாள். ஒவ்வொரு தடவையும் அதே பதின்மூன்று கோடியில் ஒன்றுதான் வந்தது. சரியாக இருப்பது என்ன உதவிக்கு என்று தாளைக் கசக்கி எறிந்தாள்.

நான்காம் நாள் காலை பக்கத்துவீட்டு டெலிபோனுக்கு அவளைக் கூப்பிட்டார்கள். பிச்சைமுத்து.

"அம்மா, ஏழாம் நம்பரு எரியுதும்மா."

"எது?"

"செவப்பு லைட்டு. அவங்க யாரும் வந்து நிப்பாட்டுன்னு சொல்லல. எனக்கும் மனசு வரல. அதனால ஓடவிட்டுக்கிட்டே இருந்தேன். காலையில பாட்டில் மாத்த வந்தா எரியுது, குழாய் மூடியிருக்கு. நான் கை வைக்கவே இல்லம்மா. மருந்துக்கடைப் பொறுப்பாளரக் கூட்டிவந்து காட்டி, நேரத்த எழுதி சைன் வாங்கிட்டேன்."

அவள் ரிசீவரைப் பிடித்தபடியே சுவரில் சாய்ந்துகொண்டாள். ஐந்து நாள் கழித்து மூன்றாம் பெட்டியும் எரிந்தது. அதற்கு அந்த டாக்டரே சாட்சி.

அதன்பிறகு நடந்ததெல்லாம் மெதுவாக நடந்தது. ஜூன் மாதம் ஆயிஷாவின் மேல் இருந்த குற்றத்தை ரத்து செய்து ஒற்றை வரிக் கடிதம் போனது. அது போய்ச் சேர்ந்தபோது அவள் சிங்கப்பூரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள், திரும்பி வரவில்லை. தொழிற்சாலை முந்நூறு பெட்டிகளையும் 'மேம்படுத்துவதற்காக' என்று சொல்லித் திரும்பப் பெற்று எல்லையை உயர்த்தியது. ஐநூறு பெண்களின் வேலையும் போகவில்லை. ஞானாம்பிகையை மட்டும் யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. கிட்டத்தட்ட ஒரு வருடம் கழித்து சிம்பாங் அம்பாட்டில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் சரக்குப் பட்டியல் அச்சிடும் வேலை கிடைத்தது. அங்கே 1989 வரை, பிறகு வேறு இடத்தில், ஓய்வு பெறும்வரை வேலை செய்தாள்.

ஆனால் அந்த வேலை கிடைப்பதற்கு முன்னால், அந்த ஆகஸ்ட் மாதத்தில், அவள் முனுசாமியின் மனைவி லெட்சுமியைத் தேடிப் போனாள். ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் பதினோராம் மாடி. மருத்துவமனை அந்த அம்மாவுக்கு எதுவும் எழுதவில்லை என்று பிச்சைமுத்து சொல்லியிருந்தார்.

லெட்சுமி கதவைத் திறந்து உள்ளே உட்காரச் சொன்னாள். ஞானாம்பிகை பெட்டியைப் பற்றியும், அது தானாக மூடிக்கொண்டதைப் பற்றியும் எளிதாகச் சொல்ல முயன்றாள். லெட்சுமி பாதியிலேயே கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"மெசினா? மெசினா மூடிச்சு?"

"ஆமாக்கா."

"நான் இல்லியா?"

ஞானாம்பிகைக்குப் புரியவில்லை.

"அன்னிக்கு மத்தியானம் நான் அவரு பக்கத்துல நாக்காலியில இருந்தேன். ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல. அப்படியே கட்டில்ல தலைய வச்சிக் கண்ண மூடிட்டேன். அந்த நர்ஸ் மிஸ்ஸி வந்து சத்தம் போட்டாங்க, குழாய் மூடியிருக்குன்னு. என் தலைதான் குழாய் மேல இருந்திருக்கும்னு நெனச்சேன். யாருகிட்டயும் சொல்லல. புள்ளைங்ககிட்டகூடச் சொல்லல. இந்த ஏழு மாசமா..." அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

"நீங்க இல்லக்கா. சத்தியமா நீங்க இல்ல."

லெட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தலையை நிமிர்த்தினாள்.

"அப்ப, மெசின் சரியா இருக்கான்னு யாரும் பாக்கலியா?"

"பாத்தாங்க. நான்தான் பாத்தேன். தப்பாப் பாத்துட்டேன்."

கீழே எங்கோ ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. லெட்சுமி அவளைப் பார்த்த பார்வையில் என்ன இருந்தது என்று ஞானாம்பிகையால் கடைசிவரை சொல்ல முடியவில்லை. மன்னிப்பு இல்லை. கோபமும் இல்லை.

"எம் புள்ளைங்க வேல விட்டு வர்ற நேரம்," என்றாள் லெட்சுமி. "அவனுங்க கோவக்காரனுங்க. நீ கெளம்பு. நானே மெதுவா சொல்லிக்கிறேன்."

லிஃப்ட் ஓடவில்லை. ஞானாம்பிகை படி வழியாக இறங்கினாள். ஆறாம் மாடித் திருப்பத்தில், துறைமுகச் சட்டை போட்ட இரண்டு வாலிபர்கள் மூச்சு வாங்க ஏறிவந்தார்கள். அவள் சுவரோடு ஒட்டி வழி விட்டாள். முன்னால் வந்தவன் நின்று, கீழே கையைக் காட்டினான்.

"பாத்துப் போங்கக்கா. படி ஈரமா இருக்கு."